புதிய கணினியில் ஓடாத பழைய மென்பொருள்: அரிசி ஆலைக்கும் நெல் மண்டிக்கும் எந்த வழி பொருந்தும்?

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் அரிசி ஆலைகள், நெல் மண்டிகள், அச்சகங்கள் பலவற்றில் அன்றாட வேலையை இன்றும் தாங்கி நிற்பவை, இருபது ஆண்டுகளுக்கு முன் உள்ளூர் நிரலர் எவரோ எழுதிக் கொடுத்த சிறு மென்பொருள்கள்தாம். எழுதியவர் வேறு ஊருக்கோ வேறு தொழிலுக்கோ போயிருப்பார். அவர் எழுதியது மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். பழைய கணினி ஒருநாள் ஆன் ஆக மறுக்கும்போதுதான் சிக்கல் தெரியவருகிறது. கடையில் வாங்கும் புதிய கணினி விண்டோஸ் 11 உடன் வருகிறது. பழைய ஃபோல்டரை அப்படியே நகலெடுத்து வைத்து ஐகானைச் சொடுக்கினால், இது உங்கள் கணினியில் இயங்காது என்று சொல்லும் நீலப் பெட்டி ஒன்று வந்து நிற்கிறது.

அந்நிலையில் உரிமையாளருக்குப் பல வழிகள் உள்ளன. பழைய கணினியையே பழுது பார்த்து ஓட்டலாம். பழைய விண்டோஸ் பதிப்பை வேறொரு கணினியில் ஏற்றலாம். விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளமான டாஸின் சூழலைப் போலச் செய்து காட்டும் எமுலேட்டருக்குள் நிரலை ஓட்டலாம். மெய்நிகர் கணினி (கணினிக்குள் மென்பொருளாகவே ஓடும் இன்னொரு கணினி) ஒன்றை அமைத்து அதற்குள் பழைய விண்டோஸ் எக்ஸ்பியைக் குடியமர்த்தலாம். தரவை மட்டும் வெளியே எடுத்துக்கொண்டு புது மென்பொருளுக்கு மாறிவிடலாம். இவற்றுள் எது சிறந்தது என்று பொதுவில் கேட்பதால் பயனில்லை. அந்த மென்பொருளில் இனியும் புதுப் பதிவு போட வேண்டுமா, அல்லது பழைய கணக்கைப் புரட்டிப் பார்த்தால் போதுமா என்பது முதற்கேள்வி. அதனோடு இணைந்திருக்கும் வெளிக்கருவி எது, டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரா, எடை மேடையின் அளவைக் காட்டும் இண்டிகேட்டரா, நகல் தடுக்கக் கணினியில் மாட்டும் டாங்கிளா என்பது இரண்டாவது கேள்வி. இவ்விரண்டுக்கும் விடை தெரிந்தால் பாதித் தேர்வு முடிந்துவிடும் என்பது என் கருத்து. ஓர் ஆலை அலுவலகத்தின் ஒரே மேசையில் இருக்கும் இரு நிரல்களுக்கு நேர்மாறான விடைகள் கிடைப்பதும் இதனால்தான்.

எந்த வகை மறுப்பு?

வழியைத் தேர்வதற்கு முன், நிரல் எந்த இடத்தில் மறுக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். ஃபாக்ஸ்புரோ 2.6, கிளிப்பர் போன்ற தரவுத்தள மொழிகளில் எழுதிய டாஸ் காலத்து நிரல்கள் 64 பிட் விண்டோஸில் (பிட் எண், செயலி ஒரே தடவையில் கையாளும் தரவின் அளவு; பழையவை 16, 32) தொடங்கவே தொடங்காது. செயலி 64 பிட் முறையில் இயங்கும்போது, டாஸ் நிரல்களுக்காக விண்டோஸ் நம்பியிருந்த மெய்நிகர் 8086 முறை கிடைக்காது. ஆகவே அவற்றை ஓட்டிய என்டிவிடிஎம் என்னும் துணை அமைப்பை மைக்ரோசாஃப்ட் 64 பிட் பதிப்புகளில் சேர்க்கவில்லை. விண்டோஸ் 11 32 பிட் பதிப்பாக வெளிவரவே இல்லை. எனவே ப்ராப்பர்ட்டீஸுக்குள் போய்க் கம்பேட்டிபிலிட்டி பகுதியில் எக்ஸ்பி என்று தேர்ந்தெடுப்பதால் இத்தகைய நிரலுக்கு எந்தப் பலனும் இல்லை. அந்த வசதி 32 பிட் நிரல்களுக்கு மட்டுமே உதவக்கூடியது என்பதை அறியாமல் ஒரு மாலைப் பொழுதையே அதில் செலவழிப்பவர்கள் உண்டு.

இரண்டாவது வகை சற்று ஏமாற்றக்கூடியது. நிரல் 32 பிட்டாக இருக்கும். அதை நிறுவும் செட்டப் மட்டும் 16 பிட்டாக இருக்கும். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் வந்த பல குறுந்தகடுகள் இப்படிப்பட்டவை. செட்டப் நின்றுவிட்டதைப் பார்த்து நிரலையே கைவிட வேண்டியதில்லை. மூன்றாவது வகையில் நிரல் திறக்கும், ஆனால் ஏதோ ஓர் ஓசிஎக்ஸ் கோப்பு (நிரல் துணைக்கு அழைக்கும் கூறு) பதிவாகவில்லை என்று சொல்லி மூடிக்கொள்ளும். திருத்துவதற்கு எளியது இதுதான். எடை மேடை நிரல்கள் பெரும்பாலும் இந்த வகையில் சேர்கின்றன.

எடை மேடை: நேரே திருத்துவதா, மெய்நிகர் கணினியா?

லாரி எடை மேடைகளுக்காக எழுதப்பட்டவற்றுள் பல, விஷுவல் பேசிக் 6 என்னும் நிரல்மொழியில் அமைந்து, தரவை ஆக்சஸ் தரவுத்தளக் கோப்பில் சேமிப்பவை. விஷுவல் பேசிக் 6-இன் அடிப்படை இயக்க நூலகம் விண்டோஸ் 11-இலும் உடன்வருகிறது. வராதவை துணைக் கோப்புகள்; அவற்றுள் முதன்மையானது, சீரியல் போர்ட் வழியாக இண்டிகேட்டரிடமிருந்து எடையை வாங்கும் எம்எஸ்காம்32 என்னும் ஓசிஎக்ஸ். பழைய கணினியின் சிஸ்டம்32 ஃபோல்டரிலிருந்து அதை எடுத்து, புதிய கணினியின் சிஸ்வாவ்64 ஃபோல்டரில் வைத்து, நிர்வாகி உரிமையுடன் திறந்த கட்டளைச் சாளரத்தில் ரெக்எஸ்விஆர்32 கொண்டு பதிவு செய்ய வேண்டும். பெயரில் 64 இருந்தாலும் 32 பிட் கோப்புகளுக்கான இடம் அதுதான். பழக்கத்தில் சிஸ்டம்32-இல் போட்டுவிட்டு ஏன் ஓடவில்லை என்று தேடுவது வழக்கமாக நடப்பது.

நிரலைப் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் வைக்காமல், சி டிரைவில் தனி ஃபோல்டரில் வைப்பது நல்லது. விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து, சாதாரண பயனர் உரிமையில் ஓடும் பழைய நிரல் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் எழுத முயன்றால், விண்டோஸ் அதை அந்தப் பயனருக்கென உள்ள வேறோர் இடத்துக்குச் சத்தமில்லாமல் திருப்பிவிடுகிறது. பகல் பணியாளர் ஒரு லாகினிலும் இரவுப் பணியாளர் இன்னொன்றிலும் நுழைந்தால், ஒருவர் போட்ட எடைச்சீட்டு மற்றவருக்குத் தெரியாது. சீட்டு எண்ணும் இரண்டு வரிசையாகப் பிரிந்து ஓடத் தொடங்கும்.

இதைவிட நுட்பமான ஆபத்து தேதியில் இருக்கிறது. புதிய விண்டோஸ் அமெரிக்க ஆங்கில அமைப்புடன் வந்திருந்தால், மாதம் முன்னும் நாள் பின்னுமாகத் தேதி படிக்கப்படும். நாள் 12-ஐத் தாண்டினால் விஷுவல் பேசிக் தானே திருப்பிப் படித்துக்கொள்ளும்; தாண்டாவிட்டால் ஏப்ரல் 3 மார்ச் 4 ஆகிவிடும். மாதத்தின் முதல் பன்னிரண்டு நாள்களின் எடைகள் மட்டும் தவறான மாதத்தில் போய் உட்கார்ந்துகொள்வதால், மாதக் கடைசியில் கூட்டும்போதுதான் வித்தியாசம் தெரியும். ரீஜன் அமைப்பை இங்கிலிஷ் இந்தியா என்று மாற்றி, நாள் முன்னால் வருகிறதா என்று ஒரு சீட்டு அடித்துப் பார்த்த பிறகே முதல் லாரியை மேடையில் ஏற்ற வேண்டும்.

புதிய கணினிகளில் ஒன்பது முனைச் சீரியல் போர்ட் இருப்பது அரிது. யுஎஸ்பி மாற்றி ஒன்றை வாங்கும்போது விலையை மட்டும் பார்க்கக் கூடாது. பிஎல்2303 வகைச் சில்லின் பழைய பதிப்புகளும் அவற்றின் போலிகளும் விண்டோஸ் 11-இல் ஓடுவதில்லை. இந்தச் சில்லு 2012-லேயே நிறுத்தப்பட்டது என்று டிவைஸ் மேனேஜரில் காட்டி நின்றுவிடுகின்றன. எஃப்டிடிஐ சில்லுள்ள மாற்றி சற்று விலை கூடினாலும் தொல்லை குறைவு. மாற்றி தன் போர்ட் எண்ணைக் காம் 5 என்றோ 7 என்றோ அறிவித்துக்கொள்ளும், பழைய நிரலோ காம் 1-ஐத்தான் தேடும். டிவைஸ் மேனேஜரிலேயே எண்ணை மாற்றிவிடலாம். பாட் வேகம் (தரவு அனுப்பும் வேகம்) முதலிய அமைப்புகள் இண்டிகேட்டரில் உள்ளபடியே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எடை வரும் கட்டத்தில் பொருளற்ற குறிகள்தாம் ஓடும். எடை மேடையின் கேபிள் திறந்தவெளியிலிருந்து வருவது என்பதால், ஐப்பசி கார்த்திகை இடி மழையில் மின்னதிர்ச்சி அதன் வழியே கணினிக்குள் நுழையக்கூடும். மின்சாரத் தொடர்பைப் பிரித்து வைக்கும் ஆப்டோ ஐசொலேட்டட் வகை மாற்றியையே டெல்டாவில் நான் பரிந்துரைப்பேன்.

இத்தனை வேலையும் எதற்கு, எக்ஸ்பியையே ஒரு மெய்நிகர் கணினிக்குள் வைத்துவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். கேள்வி நியாயமானது. பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றி யுஎஸ்பி அடாப்டரில் மாட்டி, அதன் முழு நகலைப் படிமமாக எடுத்து, மெய்நிகர் கணினிகளை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருள் படிக்கும் வடிவத்துக்கு மாற்றிவிட்டால், பழைய கணினி அதன் சுவர்ப்படத்தோடு புதிய கணினியின் சாளரம் ஒன்றுக்குள் எழுந்து நிற்கும். சீரியல் போர்ட்டையும் உள்ளே கொடுக்கலாம். வெளியே காம் 5 ஆக இருப்பதை உள்ளே காம் 1 ஆகக் காட்டவும் முடியும். ஒரு நிலையைப் படம் பிடித்து வைத்து, கெட்டுப்போனால் அங்கேயே திரும்பலாம் என்பது மற்ற எந்த வழியிலும் இல்லாத வசதி.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். வேறு கணினியில் நிறுவப்பட்ட எக்ஸ்பி, மெய்நிகர் வன்பொருளில் முதன்முறை எழும்போது 7பி என்னும் பிழை எண்ணோடு நீலத்திரை காட்டுவது வழக்கம். டிஸ்க் கண்ட்ரோலரின் வகையை மாற்றியும், வேண்டுமானால் விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் அதற்கான டிரைவர் பதிவைச் சேர்த்தும்தான் அதைக் கடக்க முடியும். கணினியோடு வந்த ஓஇஎம் உரிமம் அந்தக் கணினிக்கே உரியது, வேறிடத்துக்கு மாற்றிக்கொள்ள அனுமதி தருவதில்லை. எக்ஸ்பிக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரல் 8-உடன் முடிந்துவிட்டதால், மெய்நிகர் கணினியின் நெட்வொர்க்கைத் துண்டித்தே வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சம்பா அறுவடையில் மேடைக்கு வெளியே லாரிகள் வரிசை கட்டி நிற்கும்போது மின்சாரம் போய் வந்தால், இரண்டு இயங்குதளங்கள் அடுத்தடுத்து எழும்வரை காத்திருக்க வேண்டும். ஆகவே எடை மேடைக்கு நேரே திருத்துவதுதான் முதல் வழி. டாங்கிளின் டிரைவர் எக்ஸ்பியோடு நின்றுபோயிருந்தாலோ, தேவையான ஓசிஎக்ஸ் எங்கும் கிடைக்காவிட்டாலோ மட்டும் மெய்நிகர் கணினிக்குப் போகலாம். டாங்கிள் பிரிண்டர் போர்ட்டில் மாட்டும் பழைய வகையாக இருந்தால் மெய்நிகர் கணினிக்குள்ளும் அது வேலை செய்யும் என்று நம்பிவிடக் கூடாது.

மண்டிக் கணக்கு: எமுலேட்டரா, இடமாற்றமா?

ஃபாக்ஸ்புரோவில் எழுதிய மண்டிப் பேரேட்டின் நிலை வேறு. 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்ததோடு இவையெல்லாம் உதவாமல் போய்விட்டன என்று பலர் எண்ணுகிறார்கள். வேளாண் விளைபொருளை விற்று வாங்கித் தரும் கமிஷன் சேவைக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. விவசாயிக்குக் கொடுத்த முன்பணம், வரவான மூட்டை, கமிஷன், பாக்கி ஆகியவற்றை எழுதும் பேரேடு இன்றும் செல்லும். ஆனால் அதே நிரலில் அரிசிக்கும் பில் போட்டால் நிலைமை மாறும். 25 கிலோ வரையிலான, முன்கூட்டியே கட்டி லேபிள் ஒட்டிய அரிசிக்கு 2022 ஜூலை 18 முதல் 5 சதவீத வரி உண்டு. அந்த வரியை அறியாத நிரலை அந்த வேலைக்கு வைத்திருப்பதில் பொருளில்லை.

பேரேட்டை மட்டும் தொடர வேண்டுமானால் டாஸ்பாக்ஸ், விடாஸ் ஆகிய இரண்டு டாஸ் எமுலேட்டர்களையும் ஒப்பிடலாம். டாஸ்பாக்ஸ் விளையாட்டுகளுக்காக எழுதப்பட்டது. நிரல் அதற்குள் திறந்துவிடும், திரையும் அச்சு அசலாக இருக்கும். ஆனால் அதன் அடிப்படைப் பதிப்பில் பிரிண்டருக்கு வழியில்லை. கணக்குப்பிள்ளைக்கு வேண்டியதே அச்சுதான் என்பதால் இதை ஒதுக்கிவிடலாம். அதிலிருந்து கிளைத்த டாஸ்பாக்ஸ் எக்ஸில் அச்சு வசதி உண்டு. விடாஸ் அலுவலக நிரல்களுக்கென்றே அமைந்தது; அச்சை விண்டோஸ் பிரிண்டருக்கு அனுப்புவதோடு, இருவர் ஒரே கோப்பைத் திறக்கும்போது பதிவைப் பூட்டி வைக்கவும் அறியும். முதலாளி ஒரு கணினியிலும் கணக்குப்பிள்ளை ஒரு கணினியிலும் இருந்து ஒரே பேரேட்டில் எழுதும் மண்டியில் இந்தப் பூட்டு இல்லாவிட்டால், ஒருவர் எழுதியதை மற்றவர் அழித்துவிடுவார், பதிவுகளைத் தேட உதவும் இன்டெக்ஸும் குலையும்.

அச்சைப் பற்றி இன்னொன்று. இந்த நிரல்கள் 80 எழுத்து அகலத் தாளில் நீண்ட வரியை அடைக்க, 15 என்னும் குறி எண்ணை அனுப்பி டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரைச் சிறிய எழுத்துக்கு மாற்றுகின்றன. லேசர் பிரிண்டருக்கு அந்தக் குறி விளங்காது. வரி உடைந்து, பாக்கித் தொகை அடுத்த வரியில் பெயருக்குக் கீழே போய் விழும். ஆகவே பழைய பிரிண்டர் நன்றாக இருந்தால் அதை விற்றுவிட வேண்டாம். யுஎஸ்பி இணைப்புள்ள டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்கள் இன்றும் கடையில் கிடைக்கின்றன.

என்றாலும், மண்டிக் கணக்கைப் பொறுத்தவரை என் சாய்வு இடமாற்றத்தின் பக்கமே. ஃபாக்ஸ்புரோவின் டிபிஎஃப் கோப்பு திறந்த அமைப்புடையது. எக்செல் போன்ற லிப்ரேஆபிஸ் கால்க் அதை நேரடியாகத் திறக்கும். தரவு எளிதாக வெளியே வரும்போது நிரலைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியவை சில உண்டு. ஃபாக்ஸ்புரோவில் ஒரு பதிவை நீக்கினால் அது உடனே அழிவதில்லை, நீக்கப்பட்டது என்ற குறி மட்டும் விழும். பேக் கட்டளை கொடுக்கும்வரை கோப்பில் கிடக்கும். சில மாற்றிகள் அந்தக் குறியைப் பார்க்காமல், என்றோ ரத்தான வரவையும் உயிருள்ள வரவாக ஏற்றிவிடும். தேதிக்கான புலத்தில் ஆண்டு நான்கு இலக்கமாகவே இருப்பதால் அதில் பயமில்லை. தேதியை எழுத்துப் புலத்தில் இரண்டு இலக்க ஆண்டோடு எழுதியிருந்தால்தான் கையால் பார்க்க வேண்டும். நீண்ட குறிப்புகள் எஃப்பிடி என்னும் தனிக் கோப்பில் இருக்கும், டிபிஎஃப் கோப்பை மட்டும் நகலெடுத்தால் அவை வராது. ஒவ்வொரு விவசாயியின் முடிவு இருப்பும் பழைய நிரலின் அச்சோடு பைசா வரை ஒத்துப்போன பிறகே பழையதை மூட வேண்டும்.

பழைய கணக்கைப் பார்க்க மட்டும்தான் என்றால் வேலை இன்னும் சுலபம். ஜிஎஸ்டி பதிவு பெற்றவர், ஆண்டறிக்கைக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். வழக்கு நடந்துகொண்டிருந்தால் அதற்கு மேலும். அந்தக் காலத்துக்கு உட்பட்ட பேரேடுகளையும் பில்களையும் பிடிஎஃப் ஆக்கி இரண்டு இடங்களில் வைத்துவிட்டால் நிரலே தேவையில்லை. இரண்டு இடங்கள் என்பது ஒரே மேசையின் இரண்டு இழுப்பறைகள் அல்ல. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது கூரை போன அலுவலகங்களில், கணினியும் அதன் பேக்கப்பும் ஒன்றாகவே நனைந்திருக்கும்.

மற்ற வழிகள்

பழைய கணினியையே தொடர்வதை இழிவாகப் பார்க்க வேண்டியதில்லை. சீரியல் போர்ட்டும் பிரிண்டர் போர்ட்டும் அதில் இருக்கின்றன, பழகிய கை இருக்கிறது. மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ் போனால் மாற்றலாம், மதர்போர்டின் சிறு பேட்டரி தீர்ந்தால் அதையும் மாற்றலாம். ஹார்ட் டிஸ்க் மட்டும் எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது. அது ஓடும்போதே படிமம் எடுத்து வைப்பது எந்த வழியைத் தேர்ந்தாலும் முதல் வேலை. இணையத் தொடர்பை எடுத்துவிட்டு ஒரு பருவத்தைக் கடத்துவதற்கு இது போதும். அதற்கு மேல் நம்பலாகாது.

32 பிட் விண்டோஸ் 10-இல் டாஸ் நிரல்கள் ஓடும் என்பது உண்மைதான். ஆனால் அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. இனி அதை நோக்கிப் பணம் செலவழிப்பது, போய்விட்ட பேருந்துக்கு டிக்கெட் எடுப்பது போன்றது. லினக்ஸ் இயங்குதளத்தில், விண்டோஸ் நிரல்களை ஓட்ட உதவும் ஒயின் மென்பொருளை நிறுவி ஓட்டுவது, லினக்ஸ் தெரிந்த ஒருவர் அலுவலகத்திலேயே இருந்தால் நல்ல வழி, இல்லாவிட்டால் வேண்டாம். விண்டோஸ் 3.1 காலத்து 16 பிட் நிரல் எதுவும் மீந்திருந்தால், ஒயினிலிருந்து பிறந்த ஒயின்விடிஎம் என்னும் சிறு கருவி 64 பிட் விண்டோஸிலேயே அதை ஓட்டக்கூடும். முயன்று பார்ப்பதில் செலவில்லை.

கும்பகோணத்து அச்சகங்களின் சிக்கல் இவற்றிலிருந்து வேறுபட்டது. பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரின் கோப்புகளை, அதன் இடத்துக்கு வந்த இன்டிசைனின் சிஎஸ்6 வரையிலான பதிப்புகள் திறந்தன, அடுத்து வந்தவை திறப்பதில்லை. அதோடு, அந்தக் கோப்புகளின் தமிழ் எழுத்துகள் யூனிகோடு அல்லாத எழுத்துருக்களில் அமைந்தவை; எழுத்துரு இல்லாவிட்டால் திரையில் ஆங்கில எழுத்துக் குப்பைதான் தெரியும். பழைய பத்திரிகை வடிவங்கள், கோயில் மலர்கள் ஆகியவற்றைத் திரும்ப அச்சிடும் தேவை எப்போதாவதுதான் வரும் என்பதால், எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றுவது வீண். இங்கே மெய்நிகர் எக்ஸ்பியே முதல் தேர்வு. வேண்டும்போது திறந்து பிடிஎஃப் ஆக்கிக்கொள்ளலாம், புது வேலையை யூனிகோடில் தொடங்கலாம்.

காலமும் கொடுக்கல் வாங்கலும்

எந்த வழியானாலும் மாற்றத்தைச் சம்பா, தாளடி அறுவடை நெருக்கும் தை, மாசியில் செய்யக் கூடாது. சித்திரை, வைகாசியில் தொடங்கினால், குறுவை நெல் வரும்வரை பழையதையும் புதியதையும் அருகருகே ஓட்டி ஒப்பிட நேரம் கிடைக்கும். எடை மேடையில் இண்டிகேட்டரைத் திறக்கச் சொல்லும் தொழில்நுட்பரை அனுமதிக்க வேண்டாம். அது எடையளவு அலுவலர் முத்திரையிட்ட கருவி, மென்பொருள் மாற்றத்துக்கு அதைத் தொடவே தேவையில்லை.

புது மென்பொருள் எழுதித் தருபவரிடம் விலை பேசுவதற்கு முன் மூன்றைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்: தரவுத்தளத்தின் கடவுச்சொல், எல்லா அட்டவணைகளையும் எக்செல் அல்லது சிஎஸ்வி வடிவில் வெளியேற்றும் வசதி, அவர் இல்லாமலே வேறொரு கணினியில் நிறுவுவதற்கான முழுக் கோப்புத் தொகுதி. மூன்றாவதைப் பென் டிரைவில் வாங்கி, வேறு ஒரு கணினியில் நிறுவி, ஒரு சீட்டு அடித்துப் பார்த்த பிறகு மீதித் தொகையைக் கொடுக்கலாம்.